காலனியக் கால அகழாய்வில் மாணவர்களும் தன்னார்வலர்களும்: வேலூர், ஆற்காடு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகவும், அதில் வேலூர்ப் பகுதி 2019இல் மூன்றாகவும் பிரிந்து, இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டங்களாக உள்ளது. ஆற்காட்டு நவாபுகள், கிழக்கிந்தியக் கம்பெனி, அதன்பின் ஆங்கில அரசு என்று தொடர்ந்த ஆட்சிகளின் தடயங்கள் இந்நான்கு மாவட்டங்களின் மண்ணிலும் உண்டு. அத்தகைய தளம் ஒன்றில் அகழாய்வு நடந்தால் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் எவ்வாறு பங்கேற்கலாம் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இருநூறு ஆண்டுப் பழமைக்கு அகழாய்வு எதற்கு? ஆவணங்களே போதாதா?

ஆவணங்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் அவற்றை எழுதியவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததைப் பற்றி இராணுவ அறிக்கைகள், விசாரணைப் பதிவுகள், கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவி எழுதிவைத்த நேரடிக் குறிப்பு என்று பலவும் கிடைக்கின்றன. கிளர்ச்சியைத் தூண்டிய புதிய தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடை, அந்த ஆணைகளுக்குப் பொறுப்பான படைத்தலைவர் கிரடாக், 1807இல் திரும்ப அழைக்கப்பட்ட சென்னை ஆளுநர் பெண்டிங்க் ஆகிய செய்திகளை அவற்றிலிருந்தே அறிகிறோம். அந்தச் சிப்பாய் எந்தச் சட்டியில் சோறு பொங்கினான், அவன் குடும்பம் எங்கே தங்கியது, குதிரை லாயத்தில் புல் சுமந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பவற்றை எந்த அதிகாரியும் பொருட்படுத்தி எழுதவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற எழுத்து இல்லை. உடைந்த சட்டியும் வளையல் துண்டும் அடுப்புச் சாம்பலும் மட்டுமே இருக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. சங்ககாலத்தையோ பெருங்கற்காலத்தையோ தேடித் தோண்டும்போது, மேலே உள்ள பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அடுக்கு வெறும் கலைந்த மேல்மண் என்று கருதப்பட்டு விரைவாக அகற்றப்படுவது உண்டு. கீழே உள்ளதன் பெருமையில் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் நம் கொள்ளுப்பாட்டனாரின் பாட்டனார் மிதித்த தரையைப் பதிவு செய்யாமல் வெட்டியெறிவதற்கு எந்தப் பழமையும் நியாயம் ஆகாது.

நம் வட்டாரத்தில் இத்தகைய தடயங்கள் எங்கெங்கே உள்ளன?

ஆற்காடு முதலில் வரும். நவாபுகளின் தலைநகரான அந்த ஊரை 1751இல் ராபர்ட் கிளைவ் சிறு படையோடு கைப்பற்றி, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். அந்தக் கோட்டையில் இன்று கண்ணுக்குத் தெரிவதில் முதன்மையானது பாலாற்றங்கரையில் நிற்கும் தில்லி வாயில். ஆற்றுக்கு மறுகரையில் இராணிப்பேட்டை ஆங்கிலக் குதிரைப்படையின் குடியிருப்பாக விளங்கியது. 1806இல் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி தலைமையில் வேலூருக்கு விரைந்த 19ஆம் குதிரைப்படை ஆற்காட்டுப் பாசறையிலிருந்தே புறப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1749இல் நவாப் அன்வருதீன் போரில் மாண்ட ஆம்பூரும், ஜாகீர்தார்களின் ஆரணியும், தோல் பதனிடும் தொழில் வளர்ந்த வாணியம்பாடியும் இவ்வரிசையில் சேரும்.

போர்க்களங்களையும் கோட்டைகளையும் மட்டும் நினைப்பது போதாது. பழைய தோல் ஷெட், சுண்ணாம்புக் காளவாய், செங்கற்சூளை, சத்திரம், இருப்புப்பாதைக் கூலிகள் தங்கிய திடல் ஆகியவையும் காலனியக் காலத் தளங்களே. பள்ளி மாணவர்களுக்கு இவைதாம் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. ஏனெனில் அவர்களுள் பலருடைய வீட்டுப் பெரியவர்களுக்கு அத்தொழில்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

வேலூர்க் கோட்டைக்குள் மாணவர்களை அழைத்துச் சென்று தோண்டலாமா?

கூடாது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 2010இல் திருத்தப்பட்ட தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அகழிக் கரையில் கிடக்கும் ஓட்டுத் துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்வதும் தவறு என்பதைக் கல்விச் சுற்றுலாவுக்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கோட்டைக்குள் உள்ள அரசு அருங்காட்சியகத்தையும், 1846இல் கட்டிய புனித யோவான் தேவாலயத்தையும், ஜலகண்டேசுவரர் கோயிலையும் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

பள்ளியோ உள்ளூர் மன்றமோ தானே ஓர் அகழாய்வைத் தொடங்க முடியுமா?

முடியாது. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில அரசுகூட மத்திய அரசின் முன் ஒப்புதல் பெற்றே அகழாய்வு செய்ய வேண்டும். பல்கலைக்கழகங்களும் முறைப்படி உரிமம் பெற்றே தோண்டுகின்றன. ஆகவே பள்ளி செய்யக்கூடியது, அனுமதி பெற்று நடக்கும் பணியில் அதன் இயக்குநரின் எழுத்துப்பூர்வமான இசைவோடு சேர்ந்துகொள்வதுதான். தலைமையாசிரியர் கடிதம், பெற்றோர் ஒப்புதல், பொறுப்பாசிரியர் பெயர் ஆகியவற்றோடு, பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருந்தால் அதன் வழியாகவும், கல்லூரியானால் நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியாகவும் அணுகுவது எளிது.

எந்த வயதிலிருந்து பங்கேற்கலாம்?

குழிக்குள் இறங்கித் தொல்லியல் அலுவலர் பக்கத்தில் அமர்ந்து வேலை செய்ய எட்டாம் வகுப்புக்குக் குறையாத பிள்ளைகள் ஏற்றவர்கள். அதற்குக் கீழ் உள்ளோர் சல்லடை மேசையிலும் மட்பாண்ட ஓடு கழுவும் இடத்திலும் மிக நன்றாகச் செய்வார்கள். சிறு மணியைக் கண்டுபிடிப்பதில் பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் கண் கூர்மையானது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டின் பெருமை வெளியுலகுக்குத் தெரியவந்த கதையிலும் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. 1937இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் அங்கிருந்த பிள்ளைகளிடமிருந்து பழைய மணிக்கற்களை வாங்கியதே பிற்கால ஆய்வுகளுக்கு வழி திறந்தது. ஆனால் அந்தக் கற்கள் எந்த அடுக்கில் கிடந்தன என்று எவருக்கும் தெரியாமல் போயிற்று. பிள்ளைகளின் கூர்மையோடு பதிவு செய்யும் ஒழுங்கையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மாணவர்கள் உண்மையில் என்ன வேலை செய்வார்கள்? ஒரு நாள் எப்படிப் போகும்?

தோண்டுவது அந்த வேலையில் சிறு பகுதியே. காலையில் நூல் கட்டிப் பிரித்த சதுரக் குழியில் முதல் நாள் விட்ட இடத்தைக் கரணையால் இலேசாகச் சுரண்டித் துப்புரவாக்குவார்கள். ஈரம் சற்று இருக்கும்போதுதான் மண்ணின் நிற வேறுபாடு தெரியும் என்பதால் வெயில் ஏறுமுன் இந்த வேலை முடிய வேண்டும். செம்மண் தரையில் வட்டமாகக் கறுத்த ஒரு திட்டு தெரிந்தால், அது ஒரு காலத்தில் மரத்தூண் நட்ட குழியாக இருக்கலாம். எலி வளையாகவும் இருக்கலாம். அதைத் தனியாக வெட்டி, தனிப் பையில் மண்ணை எடுத்து, தனி எண் கொடுத்து, அதன் பிறகே சுற்றியுள்ள மண்ணைத் தொட வேண்டும்.

எடுத்த மண் பாண்டுகளில் சல்லடைக்குப் போகும். அங்கே இருவர் ஆட்ட, ஒருவர் பொறுக்குவார். கிடைத்தவை குழி எண், அடுக்கு எண், ஆழம், தேதி ஆகியவை எழுதிய சீட்டோடு பைகளில் இடப்படும். சீட்டு இல்லாத பை வெறும் குப்பை. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். அழகான பீங்கான் துண்டு கிடைத்த மகிழ்ச்சியில் சீட்டு எழுத மறந்தால், அந்தத் துண்டு சொல்லக்கூடிய சான்று அத்தனையும் அந்த நொடியே போய்விடும். பிற்பகலில் ஓடுகளை மென்மையான தூரிகையால் கழுவி நிழலில் உலர்த்துவார்கள். இரும்பையும் செம்பையும் கழுவவே கூடாது. உலர்ந்த ஓடுகளின் உட்புறத்தில் மையால் எண் எழுதுவதற்குக் கையெழுத்து அழகான பிள்ளைகளுக்கே எப்போதும் கிராக்கி.

நாள் முடிவில் ஒவ்வொருவரும் குழிக் குறிப்பேட்டில் தம் கையால் எழுத வேண்டும். அலுவலர் எழுதியதைப் பார்த்து எழுதக் கூடாது. தாம் கண்டதை, ‘கறுப்பு மண், கரித்துண்டுகள், ஒரு பக்கம் செங்கல் வரிசை’ என்ற அளவிலேனும், சொந்தச் சொற்களில் எழுத வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண் எழுதிய அந்த வரி ஆய்வறிக்கைக்கான மூலச்சான்று ஆகிறது. மாணவரை வேடிக்கை பார்க்க வைத்துப் புகைப்படம் எடுத்து அனுப்புவதை நான் பங்கேற்பு என்று ஏற்கமாட்டேன்.

என்னென்ன பொருள்கள் கிடைக்கலாம்? அவற்றைப் பிள்ளைகள் எப்படி அடையாளம் காண்பது?

பெரும்பகுதி உள்ளூர்ச் சிவப்பு, கறுப்பு மட்பாண்ட ஓடுகளாகவே இருக்கும். அவற்றோடு கண்ணாடி வளையல்கள், ஆட்டெலும்புகள், கூரை ஓட்டுத் துண்டுகள், சுண்ணாம்புக் காரை ஆகியவையும் வரும். இவற்றைச் சாதாரணம் என்று ஒதுக்கக் கூடாது; வீட்டு வாழ்க்கையின் சான்றுகள் இவையே.

காலத்தைக் காட்டும் பொருள்கள் வேறு சில உண்டு. சுடுகருவியில் தீப்பொறி எழுப்பப் பயன்பட்ட சிறு சதுரத் தீக்கல் கிடைத்தால், கறுத்த நிறமானால் இங்கிலாந்திலிருந்தும், தேன் நிறமானால் பிரான்சிலிருந்தும் வந்திருக்க வாய்ப்பு மிகுதி. 1840களில் ஆங்கிலப் படை புதிய வகைத் துப்பாக்கிக்கு மாறத் தொடங்கியதால் அதன்பின் இக்கல்லின் தேவை குறைந்தது. வெண்களிமண் புகைக்குழாய்த் துண்டில் உள்ள துளை, பழையதானால் அகலமாகவும் பிற்காலத்ததானால் குறுகலாகவும் இருக்கும். அடர்பச்சைக் கண்ணாடி மதுப்புட்டியின் அடியில் உள்ள குழிந்த வடு, அது ஊதுகுழலால் கையால் செய்யப்பட்டதைக் காட்டும். வெண்பீங்கானில் நீல நிறத்தில் அச்சிட்ட மரமும் பாலமும் தெரிந்தால், அது இங்கிலாந்துத் தொழிற்கூடத்தில் சீனப் பாணியைப் பின்பற்றிச் செய்ததாக இருக்கக்கூடும்.

பிள்ளைகள் உடனே இனங்காணும் பொருள் ஒன்று உண்டு. கழுத்தில் இருபுறமும் கிள்ளினாற்போல் ஒடுங்கிய தடித்த கண்ணாடித் துண்டு கிடைத்தால், அது கோலி சோடா புட்டி. ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1872இல். ஆகவே அந்தத் துண்டு கிடந்த அடுக்கு 1872க்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

காசுகளில் கவனிக்க வேண்டியது கம்பெனியின் இருபது காசுச் செம்பு நாணயம். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னமும் 1803 அல்லது 1808 என்ற ஆண்டும் இருக்கும். மறுபக்கம் பாரசீக எழுத்து. பர்மிங்காம் நகரின் சோஹோ நாணயச்சாலையில் அச்சிட்டுக் கப்பலில் சென்னைக்கு அனுப்பப்பட்டது அது. 1803 என்று பொறித்த காசு, 1806இல் கோட்டையில் இருந்த சிப்பாய் ஒருவரின் மடியில் இருந்திருக்கக்கூடியது. இப்போது ஒரு சுண்ணாம்புத் தரையின் கீழ் 1808 காசு கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். தரை எங்கும் உடையாமல் இருந்தால், அது 1808இலோ அதற்குப் பின்போ போடப்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். தரையில் எலி வளை இருந்து காசு அதன் வழியே விழுந்திருந்தால் எதையும் சொல்ல முடியாது. அதனால்தான் காசைக் கண்டவுடன் கையில் எடுக்காமல், கிடந்தவாறே விட்டு, சுற்றியுள்ள மண்ணைப் பார்த்து, அளந்து, படம் எடுத்த பிறகே தூக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பாதி அகழாய்வு வந்துவிட்டது.

கிடைத்த பொருளில் சிறியது ஒன்றை நினைவாக வைத்துக்கொள்ளலாமா?

இல்லை. நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள கலைப்பொருள்களும் காசுகளும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள் ஆகும். அதைவிட, அகழாய்வில் கிடைத்தது அனைத்தும் ஒரே தொகுதி. எதை எடுத்தாலும் கணக்கு பிழையாகும். பிள்ளைகளுக்கு நினைவுப்பொருளாக, தாம் எழுதிய குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலைக் கொடுத்தனுப்பலாம்.

மனித எலும்பு கிடைத்தால் என்ன செய்வது?

வேலை அந்த இடத்தில் உடனே நிற்க வேண்டும். மாணவர்களை வேறு குழிக்கு அனுப்பிவிட வேண்டும். இயக்குநர் காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தெரிவித்த பிறகு, உரிய வல்லுநரைக் கொண்டே மேற்கொண்டு செய்ய வேண்டும். 1806இல் கோட்டை மீட்கப்பட்டபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். ஆங்கிலப் படையின் 69ஆம் பிரிவில் இறந்தவர்களுக்குக் கல்லறைச் சின்னம் உண்டு. சிப்பாய்களுக்கோ வேலூர் மக்கான் சந்திப்பில் உள்ள நினைவுத்தூண் விடுதலைக்குப் பின் நாம் எழுப்பியது. எந்தப் பக்கத்து மனிதருடைய எலும்பாயினும் அது காட்சிப்பொருள் அல்ல. கைப்பேசியில் படம் எடுத்துப் பகிர்வதை முதல் நாளே தடைசெய்துவிட வேண்டும்.

வெயில், பாம்பு, காயம் பற்றிய அச்சம் நியாயமானதுதானே?

நியாயமானதே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. கத்திரி வெயிலில் வேலூரில் பிள்ளைகளைத் திறந்தவெளியில் அமர்த்தக் கூடாது. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் மிகவும் ஏற்றவை. பொதுத்தேர்வு எழுதும் வகுப்பினரை அந்த ஆண்டு விட்டுவிடலாம். காலை ஆறரை மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குள் குழி வேலையை முடித்துக்கொண்டு, பந்தலின் கீழ் கழுவுதல், எழுதுதல் என மாற வேண்டும். தொப்பி, முழுக்கை உடை, மூடிய காலணி கட்டாயம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். காலையில் குழியை மூடிய தார்ப்பாயை விலக்குவது அலுவலர் வேலை. தேளும் விரியனும் அதன் கீழ் ஒதுங்கும். இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழிக்குள் மாணவரை இறக்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை ஏற்பாடு இல்லாத தளத்துக்கு எந்தப் பள்ளியும் இசைவு தரக் கூடாது.

தன்னார்வலர்களுக்கு ஊதியம் உண்டா?

பொதுவாக இல்லை. ஆனால் இதில் ஒரு நியாயம் காக்கப்பட வேண்டும். ஊர்க் கூலித் தொழிலாளர்கள் பல பருவங்கள் வேலை செய்து மண்ணின் மாற்றத்தை மண்வெட்டி நுனியிலேயே உணரும் திறன் பெற்றவர்கள். தன்னார்வலர்கள் வருகிறார்கள் என்பதற்காக அவர்களின் வேலை நாள் ஒன்றுகூடக் குறையக் கூடாது. மாணவர்களுக்கு முதல் ஆசிரியர்களாக அவர்களையே அமர்த்த வேண்டும். நாற்பது வயது அம்மா ஒருவர் கரணையைச் சாய்த்துப் பிடிக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பாடநூலில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களை எக்காரணத்தாலும் மண் சுமக்கும் வேலைக்கு அமர்த்தக் கூடாது. அது கற்றல் ஆகாது, குழந்தைத் தொழில் ஆகிவிடும்.

வேறு நாடுகளில் இப்படிச் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் 1607இல் ஆங்கிலேயர் கட்டிய கோட்டை ஆற்றில் கரைந்துவிட்டது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994இல் தொடங்கிய அகழாய்வு, அதன் பெரும்பகுதி மண்ணுக்குள் இருப்பதைக் காட்டியது. அங்கே பார்வையாளர்கள் அருகில் நின்று பார்க்கவும், மாணவர்கள் பயிற்சி பெறவும் இடம் தரப்பட்டது. அதே 1994இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், தி ராக்ஸ் பகுதியில் பழைய குடியிருப்புத் தெரு ஒன்றைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் தொல்லியலாளர்களோடு வேலை செய்தனர். கைதிகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டோரும் ஏழைக் குடும்பங்களும் வாழ்ந்த வீடுகள் அவை. பின்னர் அத்தளத்தை மூடிவிடாமல், மேலே தூண்களில் கட்டடம் எழுப்பி, பள்ளிப் பிள்ளைகள் வந்து கற்கும் இடமாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அங்கிருந்து கற்க வேண்டியது, எளிய மக்களின் தெருவைக் கோட்டைக்கு நிகராக மதித்த அந்த முடிவைத்தான்.

அருகில் அகழாய்வு எதுவும் நடக்கவில்லையென்றால் மாணவர்கள் என்ன செய்யலாம்?

தோண்டாமலே செய்யக்கூடியவை நிறைய. ஊரில் இடிக்கப்படப்போகும் பழைய வீட்டை உரிமையாளர் இசைவோடு அளந்து வரையலாம். செங்கல்லின் நீள அகலத்தையும், சீமை ஓட்டின் பின்புறம் பொறித்த ஆலைப் பெயரையும் குறித்துக்கொள்ளலாம். பழைய கல்லறைத் தோட்டங்களில் எழுத்து மங்கிவரும் கற்களை, தேய்க்காமலும் சுண்ணாம்பு பூசாமலும், சாய்வெயிலில் படம் எடுத்துப் படிக்கலாம். தோல் ஷெட்டில் வேலை பார்த்த தாத்தாவிடமும், இருப்புப்பாதையில் பணிபுரிந்த குடும்பத்தினரிடமும் கேட்டு எழுதலாம்.

வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது காசோ பீரங்கிக்குண்டோ கிடைத்தால்?

வேலையை அந்த மூலையில் மட்டும் நிறுத்தி, கிடந்த நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மண்ணில் புதைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். முறையாக அறிவித்தவருக்கு அதே சட்டம் உரிமையும் வகுத்துள்ளது. குண்டு என்று தோன்றும் எதையும் தட்டிப் பார்க்கவோ துரு நீக்கவோ கூடாது. உள்ளே மருந்து நிரப்பிய வகையும் உண்டு என்பதால் காவல்துறை வரும்வரை பிள்ளைகளை அப்பால் வைத்திருக்க வேண்டும்.